இடிவாள் கேசவன் கையை இறக்கிய நாள்

இடிவாள் கேசவன் வாளை ஓங்கி ஏழு வருஷமாகிவிட்டது. இன்னும் இறக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிர்ச்சுவரில் கேசவன் நிற்பான். சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் அரிசி மண்டிக்கும் ஆணிக்கடைக்கும் நடுவில் நிற்பான். ஒரு கையில் கேடயம், ஓங்கிய மறுகையில் வாள். "வருகிறான் இடிவாள் கேசவன்! பதின்மூன்று பாகங்களில் அசையும் சித்திரப் போர்க்கதை! விரைவில் உங்கள் டெலிவிஷனில்!" என்று எழுதி, கீழே தேதி போட்டிருக்கும். தேதியை மட்டும் தனித்தாளில் எழுதி ஒட்டுவார்கள். முதலில் ஓணத்துக்கு வருவதாக இருந்தான். அப்புறம் விஷுவுக்கு, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு, மறுபடியும் ஓணத்துக்கு. தேதிமேல் தேதி ஒட்டி ஒட்டி அந்த இடம் மட்டும் விரற்கடை கனத்துக்குப் புடைத்திருந்தது. முதல் அறிவிப்பு வந்தபோது நகரத்தில் டெலிவிஷனே கிடையாது. மாநில உயிர்ச்சித்திரக் கழகத்துக்கு அவ்வளவு முன்யோசனை. பிறகு டெலிவிஷன் வந்துவிட்டது. எட்டு வயதில் காத்திருக்கத் தொடங்கிய பிள்ளைகள் மீசை மழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேசவன் மட்டும் வரவில்லை.

அந்தக் கேசவனை வரைந்தவன் தாணுமாலையன். சுசீந்திரம் பக்கத்துக்காரன். சாலையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவனைக் கழகம் தற்காலிக ஓவியனாக எடுத்துக்கொண்டது. ஏழு வருஷமாகத் தற்காலிகம்தான். கேசவன் காலைத் தூக்குவதை ஒரு பெரிய ஓவியர் வரைவார், காலை ஊன்றுவதை இன்னொரு பெரிய ஓவியர் வரைவார். நடுவில் அந்தக் கால் காற்றில் எங்கெங்கே இருந்தது என்பதையெல்லாம் தாணுமாலையன் வரையவேண்டும். அப்படி இருபத்திரண்டாயிரம் படம் வரைந்தான். அதில் ஒன்றுகூட அசைந்து அவன் பார்த்ததில்லை.

நம்பச் சிரமமாக இருக்கலாம். கழகத்தின் நடத்தை விதி பதினான்கைப் படித்தால் நம்பிவிடுவீர்கள். சர்க்கார் காகிதம் களவு போகாமலிருக்க, ஒரு தாளை ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகே ஓவியனுக்கு அடுத்த தாள் தரப்படும். இரண்டு தாள் ஒரே நேரத்தில் ஓவியன் கையில் இருக்கக் கூடாது. இருந்தால் புரட்டிப் பார்ப்பான். புரட்டிப் பார்த்தால் அது படம் பார்த்ததாகிவிடும். உத்தியோகஸ்தர்கள் பார்க்குமுன் கீழ்நிலைப் பணியாளர் பார்ப்பது ஒழுக்கமல்ல. அதனால் முந்தின தாளில் கால் எங்கே இருந்தது என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டே தாணுமாலையன் வரைந்தான். பதின்மூன்று பாகமும் மெட்ராஸில் படமாக்கப்பட்டு, தகர டப்பாக்களில் வந்து, ஒரு இரும்பு பீரோவில் ஏறின. பீரோவுக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று அதிகாரிகளிடம். அந்த மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

படம் முடிந்துவிட்டதே, பின்னே எதற்குத் தாமதம் என்று கேட்கலாம். கேட்டார்கள். கழகம் கமிட்டிகளைக் காட்டியது. ஒன்பதாம் பாகத்தில் கேசவன் ஒரு பாறையைத் தூக்கி எறிகிறான். சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் சங்கத்தார் ஊர்வலமாக வந்துவிட்டார்கள். பாரம் தூக்க வேண்டியவன் பதிவு பெற்ற தொழிலாளி. வெளியாள் தூக்கினால் தொழிலாளி பக்கத்தில் நின்று பார்க்கவாவது வேண்டும், பார்த்ததற்குக் கூலியும் வேண்டும். பதினோரு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு சமரசம் உண்டாயிற்று. கேசவன் எதைத் தூக்கினாலும் பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய நாலு பேர் நின்று பார்ப்பார்கள். தாணுமாலையன் பீடி பிடிக்கும் நாலு பேரை மூவாயிரம் தடவை வரைந்தான். வாள் ஓங்குவதும் தூக்குவதில் சேரும் என்று தீர்ப்பானதால், கடைசிப் பாகத்தின் கடைசிச் சண்டையிலும் அந்த நாலு பேர் நின்றார்கள்.

பதினோராம் பாகத்துப் போர் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. விடுமுறை நாளில் சிப்பாய்களை வேலை வாங்கலாமா என்ற கேள்வி சட்டத்துறைக்குப் போனது. ஒன்றரை வருஷம் கழித்து, எதிரி சம்மதித்தால் வாங்கலாம் என்று பதில் வந்தது. எதிரியின் சம்மதக் கடிதம் ஃபைலில் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் கழகம் சும்மா இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. வருஷந்தோறும் 'எதிர்பார்ப்பு வாரம்' கொண்டாடியது. முத்துக்குடை, செண்டைமேளம், மாணவர் ஊர்வலம், கடைசி நாளில் சேர்மன் அச்சுதக் குறுப்பின் சொற்பொழிவு. ஐந்தாம் வருஷ வாரத்தில் அவர் மனம் திறந்து பேசினார்.

"மற்ற ஸ்தாபனங்கள் படம் எடுக்கின்றன. மக்கள் பார்க்கிறார்கள், மறந்துவிடுகிறார்கள். நாம் ஐந்து வருஷமாக ஒரு படமும் காட்டவில்லை, ஒருவரும் நம்மை மறக்கவில்லை. இது சாதாரணச் சாதனையா? படம் வந்துவிட்டால் எதிர்பார்ப்பு போய்விடும். எதிர்பார்ப்பு போனபிறகு இந்தக் கழகம் எதற்கு, இந்தக் கட்டிடம் எதற்கு, நான்தான் எதற்கு? ஆகவே என் உயிருள்ளவரை உங்கள் எதிர்பார்ப்பைக் காப்பாற்றுவேன் என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கடைசி வரிசையில் நின்ற தாணுமாலையனும் தட்டினான். எல்லாரும் தட்டும்போது தட்டாமலிருந்தால் கவனிப்பார்கள்.

அடுத்த வருஷம் அவனுடைய இடது கண் போயிற்று. விளக்குப் பெட்டியின் கண்ணாடிமேல் தாளை வைத்து ஆண்டுக்கணக்கில் வரைந்ததால் போயிற்றா, தானாகவே போயிற்றா என்று டாக்டர் சொல்லவில்லை. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, கடைசியில் ஆப்பரேஷன் செய்துதான் பார்க்கவேண்டும், பார்வை தங்கலாம், ஒரேயடியாகப் போகவும் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

ஸ்ரீவராகத்தில் வாடகைக்கு இருந்த பின்கட்டு அறைக்குத் திரும்பியதும் தாணுமாலையன் மனைவி வடிவம்மாளிடம் சொன்னான்: "கண்ணு போனாப் போட்டும் வடிவு. அதுக்கு முந்தி அந்தப் பய கையை இறக்குகதை ஒருவாட்டி பாத்திரணும். கடைசி வெட்டு நாப்பத்தெட்டுப் படம். நாப்பத்தெட்டும் நான் போட்டது. ரெண்டே ரெண்டு செகண்டு."

"கேட்டாக் காட்ட மாட்டானுவளா? நீங்க போட்ட படந்தானே?" என்றாள் வடிவம்மாள். அவள் கழகத்தில் வேலை பார்த்தவள் அல்ல.

மனு எழுதிக்கொண்டு செக்ஷன் சூப்பிரண்டு சுசீலாபாயிடம் போனான். அந்தக் கட்டிடத்திலேயே அந்த அம்மாள் ஒருத்திதான் அவனை நிமிர்ந்து பார்த்துப் பேசுவாள்.

"தாணுவே, இவிடே ஆரும் கடிதம் வாசிக்கில்ல. மேலே என்ன எழுதியிருக்கு, அதைப் பார்த்து ஃபைலில் இடும், அவ்வளவுதான். அதுகொண்டு மேலே பெரிசாயிட்டு 'அடியந்திரம்' என்னு எழுதணும், கேட்டோ?"

மலையாள ஆபீசில் அடியந்திரம் என்றால் அவசரம். நாஞ்சில் நாட்டு வீட்டில், ஏன், மலையாள வீட்டிலும்கூட, அடியந்திரம் என்றால் செத்தவருக்குப் பதினாறாம் நாள் செய்யும் சடங்கும் சாப்பாடும். தாணுமாலையனுக்கு இரண்டும் தெரியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து எழுதப்போனபோது வடிவம்மாள் பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"உயிரோட இருக்கிய மனுசன் பேருக்கு மேல அடியந்திரம்னு எழுதுகதா? நான் தாலியோட நிக்கேன், கேட்டேளா? வேற வார்த்தையா இல்ல உலகத்துல?"

வேறு வார்த்தை இருந்தது. மலையாள எழுத்தில் அழகாக 'அவசரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எத்தனை வருஷம் மலையாளம் பேசினாலும் கை தமிழ்க் கைதானே. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு என்பது மனுவை ஒப்படைத்து வீட்டுக்கு வந்து, சோறு தின்று கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஐந்து மாதம் கழித்துக் கார்டு வந்தது. 'அவசரம் கோரி விண்ணப்பித்துள்ள தாங்கள் நடிகர் தேர்வுக் கமிட்டியின் முன் ஆஜராக வேண்டியது.' சித்திரக் கழகத்துக்கு நடிகர் எதற்கு என்று ஒரு எம்.எல்.ஏ. கேட்டதற்கு, வேண்டாமென்று எந்த விதியிலும் இல்லையே என்று சேர்மன் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார். தாணுமாலையன் போனான். மேலதிகாரிகளை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு ஆசை. முப்பது பேர் வரிசையில் நின்றான். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்.

"சார், நான் நடிக்க வரல்ல. கேசவன் படம் நாந்தான்..."

"வசனம் வேண்டாம். வில்லன் மாதிரி சிரிக்கணும்," என்றார் நடுவிலிருந்தவர்.

"கண்ணு போகப்போவுது சார். அதுக்கு முந்தி ஒருவாட்டி..."

"சோகம் கொள்ளாம், நல்லா இருக்கு. சிரி எவிடே?" என்றார் இடப்பக்கத்தவர். மூவரும் குறிப்பெழுதினார்கள். 'முகத்தில் வில்லத்தனம் போதாது. நிராகரிக்கப்படுகிறது.' தாணுமாலையன் வீட்டுக்குத் திரும்பி நடந்தான். அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

வலது கண்ணில் புகை மூடிக்கொண்டே வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டான். ஆப்பரேஷன் பதினெட்டாம் தேதி என்று குறித்தார்கள். அன்றைக்கு ராத்திரி வடிவம்மாளே பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எழவு, அதையே எழுதித் தொலையுங்கோ."

இந்தத் தடவை எவனும் பார்க்காமல் தள்ளிவிடக் கூடாது என்று தாணுமாலையன் தன் தொழில்திறமை முழுவதையும் காட்டினான். மலையாளத்தில் கட்டை எழுத்தில் 'அடியந்திரம்'. அதற்குக் கீழே கொட்டை இலக்கத்தில் '16'. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'ஆம் தேதிக்குள் படம் பார்க்க அனுமதி வேண்டி'. மங்கிய கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று சுற்றிலும் விரல் கனத்துக்குக் கறுப்புக் கோடு போட்டான். அச்சு அசல் சாவு ஓலை. மங்கிய கண்ணுக்கு அது தெரியவில்லை. வடிவம்மாளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது.

கழகத்தில் வழக்கம்போல் யாரும் கடிதத்தைப் படிக்கவில்லை. கறுப்புக் கரையைப் பார்த்தார்கள், அடியந்திரம் பதினாறு என்பதைப் பார்த்தார்கள், ஆள் ஒரு மாதமாக வேலைக்கு வராததையும் பார்த்தார்கள். விதி முப்பத்தொன்று புறப்பட்டது. 'பணியிலிருக்கையில் காலமாகும் ஊழியரின் அடியந்திர நாளன்று கழகம் அனுதாபக் கூட்டம் நடத்தி, காலமானவரின் வேலையை வாரிசுகள் முன்னிலையில் ஒருமுறை மரியாதையாகக் காட்டவேண்டும். தற்காலிக ஊழியர், காலமான பின் நிரந்தர ஊழியராகக் கருதப்படுவார்.' உயிரோடிருப்பவர்களுக்குச் செய்யவேண்டியதைப் பற்றி விதிப்புத்தகத்தில் எதுவும் இல்லை. ஏழு வருஷம் அசையாத ஃபைல் நாலே நாளில் மூன்று மேஜை தாண்டியது. மூன்று சாவியும் வெளியே வந்தன.

'காலஞ்சென்ற தாணுமாலையனின் வாரிசுக்கு' என்று கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். வடிவம்மாள் கழகத்தை அதன் கட்டிடத்தோடும் சேர்மனோடும் மூன்று சாவியோடும் சேர்த்துச் சபித்தாள். தாணுமாலையன் வெள்ளை வேட்டியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்தான்.

"போகப் போறேளா?" என்றாள்.

"கூப்பிட்டிருக்கான்லா?"

"நானும் வருவேன். ஆனா பொட்டை அழிக்க மாட்டேன். எவன் கேட்டாலும் சரி."

பதினாறாம் தேதி காலை பத்து மணி. கழக வாசலில் சுசீலாபாய் நின்றிருந்தாள். தாணுமாலையனைக் கண்டதும் அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்தது. கடிதத்தையும் கறுப்புக் கரையையும் நடந்ததையும் நொடியில் கூட்டிப் பார்த்துவிட்டாள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நிங்கள் மரிச்ச ஆளுக்கு ஆராணு?"

"ரொம்ப வேண்டப்பட்டவன் அம்மா."

"அகத்தே போய் இருந்தோளு. ஒண்ணும் மிண்டண்டா, வாய் திறக்கவே வேண்டா," என்று சொல்லி அவன் சட்டையில் ஒரு கறுப்புத் துணித்துண்டைக் குத்திவிட்டாள்.

மேடையில் அவனுடைய பெரிய படம் எதுவும் இல்லை. கழகத்திடம் இல்லாததால் கேசவனின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஓவியர்களை அழைக்கவில்லை. அதிகாரிகள் யாரும் ஓவியர் கூடத்துக்கு வந்ததே இல்லை, ஆகையால் யாருக்கும் தாணுமாலையனின் முகம் தெரியாது; தேர்வுக் கமிட்டிக்கு அவன் முப்பது முகத்தில் ஒன்று. ஒரு நிமிட மௌனம் ஆனது. தாணுமாலையனும் தனக்காக எழுந்து நின்றான். சேர்மன் பேசினார்.

"தாணுமாலையனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் என் அறைக்கு வந்து ஆலோசனை கேட்பார். ஒரு நாளாவது 'படம் எப்போது வரும்' என்று கேட்டாரா? கேட்கவில்லை. அதுதான் பண்பு. அவரைப்போல நம் ஊழியர்கள் எல்லாரும் இருந்துவிட்டால் இந்தக் கழகம் நூறாண்டு எந்தத் தொந்தரவுமின்றி நடக்கும். அவருடைய இழப்பை ஈடுசெய்ய ஒரு கமிட்டி அமைக்கப்படும்."

வடிவம்மாள் பல்லைக் கடித்தாள். தாணுமாலையன் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

விளக்கை அணைத்தார்கள். ஆபரேட்டர் வன்னியராஜ் கடைசிப் பாகத்தை ஓடவிட்டான். தாணுமாலையன் வலது கண்ணை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். கேசவன் ஓடினான். நிஜமாகவே ஓடினான். காலைத் தூக்கினான், ஊன்றினான், நடுவில் அந்தக் கால் காற்றிலே இருந்தது. ஒவ்வொன்றும் எந்த வெயிலில், எந்த மழையில் வரைந்த கால் என்று அவனுக்குத் தெரிந்தது. நாலு சுமட்டுக்காரர்களும் பீடிப் புகையை ஊதிக்கொண்டு நின்றார்கள். கேசவன் எதிரியின் முன்னால் போய் வாளை ஓங்கினான்.

"நிறுத்து!"

கழகச் செக்ரட்டரியின் குரல். படம் நின்றது. வாள் ஓங்கியபடியே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் வடிவம்மாளின் நெற்றியைக் கவனித்துவிட்டிருந்தார்.

"காலமானவரின் மனைவி பொட்டு வைத்திருக்கிறார். தாலியும் இருக்கிறது. ஆள் மரித்தது நிச்சயம்தானா? உயிரோடு இருந்தால் விதி முப்பத்தொன்று செல்லாது. படத்தைக் காட்ட முடியாது."

சேர்மன் தலையாட்டினார். மூன்று சாவிக்காரர்களும் ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வடிவம்மாள் வாயைத் திறந்தாள், திரையில் நின்ற வாளைப் பார்த்தாள், புருஷனுடைய கண்ணைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். தாணுமாலையன் எழுந்தான்.

"செத்துட்டான் சார். நான் கூடவே இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

"எழுதித் தருவீர்களா?"

"தாரேன் சார்."

காகிதம் வந்தது. 'தாணுமாலையன் மரித்தது உண்மை என்று இதனால் சாட்சி கூறுகிறேன்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான். இருபத்திரண்டாயிரம் ரசீதில் போட்டுப் பழகிய கை. தன்போக்கில் 'தாணுமாலையன்' என்று போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் பார்த்தான்.

செக்ரட்டரி வாங்கினார். மேலே கீழே பார்த்தார். கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. மடித்து ஃபைலில் வைத்தார். வாசலோரம் சுசீலாபாய் மூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது.

"ஓட்டிக்கோளு," என்றார் செக்ரட்டரி.

வாள் இறங்கியது. நாற்பத்தெட்டுப் படம், இரண்டே செகண்டு. ஏழு வருஷம் மேலேயே நின்ற கை வழுக்கிக்கொண்டு, வளைந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒரு இடத்திலும் தட்டவில்லை. எதிரி விழுந்தான். சுமட்டுக்காரரில் மூன்றாமவன் பீடியைக் கீழே போட்டான். அது யாரும் சொல்லாமல் தாணுமாலையனே சேர்த்தது. அவன் சத்தமாக அழுதான். காலமானவருக்கு வேண்டப்பட்டவர் அழுவது முறைதான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். டப்பாக்கள் மறுபடியும் பீரோவுக்குள் போயின. மூன்று பூட்டும் விழுந்தன.

வெளியே வந்து சாலைக் கடைத்தெருவரை இருவரும் நடந்தார்கள். சுவரில் கேசவன் பழையபடி கையை ஓங்கிக்கொண்டு நின்றான். புதுத் தேதியை ஒருவன் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த நாலு பேரும் என்னத்துக்குச் சும்மா நிக்கானுவ?" என்றாள் வடிவம்மாள்.

"சும்மா இல்ல. பாக்கதுக்குக் கூலி உண்டு."

அவள் ஒரு கடையில் நின்று வெல்லமும் சிறுபயறும் தேங்காயும் வாங்கினாள். எதற்கு என்று கேட்டான்.

"அடியந்திரம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. பாயசம் இல்லாம என்ன அடியந்திரம்?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். நாளை மறுநாள் டாக்டர் கத்தியை வைக்கட்டும், கண் வருகிறதோ போகிறதோ, இனி அவனுக்கு அதைப்பற்றி ஒரு பயமும் இல்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று. பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் விடச் சொன்னான்.

"செத்தவன் ரெண்டாம் தடவை கேட்டு நான் பாத்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே வடிவம்மாள் இலை நிறைய ஊற்றினாள்.